போரில் ஒரு சாதாரணச் சிப்பாய் எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான், செத்த பிறகு என்ன ஆனான்?

போர் வரலாறு என்றாலே தளபதிகளின் கதைதான், கடைநிலைச் சிப்பாயைப் பற்றி யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் போருக்கும் பொதுவாகச் சொன்னால் அது வெறும் பேச்சாகத்தான் இருக்கும். அதனால் முதல் உலகப் போரின் மேற்கு முனையை, அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் போர்க்களங்களை, அதிலும் பிரிட்டிஷ் ராணுவத்தையும் அதோடு சேர்ந்து போரிட்ட இந்தியச் சிப்பாய்களையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ராணுவத்திடம் எதற்கெடுத்தாலும் ஒரு படிவம் இருந்தது. ஒரு சிப்பாயின் வாழ்வையும் சாவையும் அந்தப் படிவங்களை வைத்தே கிட்டத்தட்ட முழுசாகச் சொல்லிவிடலாம். பழைய போர்க்கல்லறைப் பதிவேடுகளை இணையத்தில் துழாவுவது எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதும் ஒரு காரணம்.

சிப்பாய் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருந்தான் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். முன்வரிசைப் பதுங்குகுழியில் சில நாள், அதற்குப் பின்னால் சில நாள், அப்புறம் ஓய்வு என்று பட்டாலியன்களை, அதாவது படைப்பிரிவுகளை, மாற்றி மாற்றி அனுப்புவார்கள். ஓய்வு என்ற பெயரில் மண் வெட்டவும் முள்கம்பி சுமக்கவும் சாலை போடவும் விடுவார்கள், அது வேறு விஷயம். முன்வரிசையில் பகலில் தலையைத் தூக்க முடியாது, எதிரில் ஒருவன் குறிபார்த்துக் காத்திருப்பான். ஆகவே வேலையெல்லாம் ராத்திரியில்தான். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் தாக்குதல் வரலாம் என்று எல்லோரும் துப்பாக்கியோடு எழுந்து நிற்க வேண்டும். எலி, சீலைப்பேன், சேறு. நாள்கணக்கில் ஈரத்தில் நின்றால் கால் மரத்து, வீங்கி, அழுகும். அதற்காகத் திமிங்கில எண்ணெய் தேய்த்து, காலுறையை மாற்றச் சொல்லி, அதிகாரிகளே சிப்பாய்களின் பாதங்களைப் பார்வையிட்டார்கள். இதற்கெல்லாம் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங். இந்தியச் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய்.

வீட்டுக்கு எழுதலாம். ஆனால் கடிதத்தை அவனுடைய அதிகாரியே படித்துத் தணிக்கை செய்வார். அவசரத்துக்கு அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று இருந்தது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை' என்று வரிகள் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டையை அழித்துவிடுவார்கள், அதையும் அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். எனக்கு அந்தப் போரில் மிகக் கொடூரமாகப் படுவது விஷவாயுவுக்கு அடுத்து இந்த அட்டைதான்.

இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். பிரான்சில் அவர்களுடைய கடிதங்களுக்கென்றே தனித் தணிக்கைப் பிரிவு ஒன்று இருந்தது. அதை ஏமாற்ற, கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினார்கள். நம்மவர்கள் செத்துத் தீர்ந்து, வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று வீட்டில் புரிந்துகொள்ள வேண்டும். தணிக்கையாளர்களும் புரிந்துகொண்டார்கள். அவர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள்தாம் இன்று அந்தச் சிப்பாய்களின் மனசைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான சான்று.

சாவுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றியவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இறந்தார். நேருக்கு நேர் நின்று கத்தியால் குத்திக்கொள்ளும் காட்சிகளை மறந்துவிடுங்கள். துப்பாக்கிமுனைக் கத்தியால் ஏற்பட்ட காயங்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. பெரும்பங்கு பீரங்கிக் குண்டுகளால் வந்தது. சுட்டவன் பல மைல் தள்ளி இருப்பான், யார் செத்தார் என்று அவனுக்கும் தெரியாது. 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் இறந்தார்கள், அடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள், அதில் இறந்தவர்கள் 19,240. நண்பர்களும் அண்டை வீட்டாரும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே பணியாற்றலாம் என்று ஆசை காட்டி ஆள் எடுத்திருந்தார்கள். அதனால் ஒரே பட்டாலியன் அழிந்தபோது ஒரே ஊரின் தெருத்தெருவாகச் சாவு விழுந்தது.

செத்தவன் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கழுத்தில் ஓர் அடையாள வில்லை. ஆரம்பத்தில் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்கள். சாவைப் பதிவுசெய்ய அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால், அப்புறம் உடலை அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சாது! இதைச் சரிசெய்து, ஒன்றைக் கழற்றினாலும் இன்னொன்று உடலோடு இருக்கும்படி இரண்டு வில்லைகள் தர 1916 செப்டம்பர் ஆனது. அதற்குள் சோம் போரில் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்லறை தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இன்று சோம் போர்க்களத்தில் உள்ள தியெப்வால் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன.

வீட்டுக்குச் செய்தி போவதிலும் தராதரம் உண்டு. அதிகாரி இறந்தால் தந்தி. சிப்பாய் இறந்தால் தபாலில் ஒரு படிவம், பெயர், எண், தேதி மட்டும் கையால் நிரப்பியிருக்கும். உடல் திரும்பி வராது, 1915-லேயே அதைத் தடைசெய்துவிட்டார்கள். போர் முடிந்த பிறகு பதவி குறிப்பிடாமல் பெயர் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'. கல்லறைக் கல்லில் குடும்பம் விரும்பினால் ஒரு வரி சேர்க்கலாம், 66 எழுத்துக்குள். எழுத்துக்கு மூன்றரைப் பென்னி என்று விலையும் வைத்தார்கள். பின்னாளில்தான் விருப்பம் இருந்தால் கொடுங்கள் என்று மாற்றினார்கள்.

ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல் என்பது, இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் போர்க்கல்லறை ஆணையத்தின் (இன்றைய பெயர் Commonwealth War Graves Commission) கொள்கை. நல்ல கொள்கைதான், ஆனால் ஐரோப்பாவைத் தாண்டியதும் அது தளர்ந்துவிட்டது. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள், சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கைதான். 2021-ல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே விடுபட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது, விடுபட்ட பெயர்களைத் தேடும் வேலை நடக்கிறது.

உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் போருக்குப் போனதாகப் பேச்சு இருந்தால், ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆங்கிலத்தில் நம் பெயர்களைக் கண்டபடி எழுதி வைத்திருப்பார்கள், எனவே ரெஜிமென்ட்டும் சிப்பாய் எண்ணும் தெரிந்தால் அதை வைத்துத் தேடுங்கள். பழைய பதக்கம் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், அந்த எண் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும்.