போர் நினைவுக்குப் பாப்பிப் பூக்களைக் கையால் பின்னுவது ஏன்?

காகிதப் பூக்கள் விலைக்குக் கிடைக்கையில் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பாடுதான் அஞ்சலி. ஒரு பூவைப் பின்னி முடிக்கும்வரை மனம் இறந்தவரிடமே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால் அது கிடைக்காது.

முதல் உலகப் போரில் குண்டுகள் கிளறிப்போட்ட பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் தானாகவே முளைத்துச் சிவந்த பூ பாப்பி; அதனால்தான் அது போரில் மாண்டவர்களின் நினைவுச் சின்னமானது.

2013இல் மெல்போர்னில் லின் பெர்ரி, மார்கரெட் நைட் என்ற இரு பெண்கள் தங்கள் தந்தையரின் நினைவாக 120 பூக்கள் பின்னத் தொடங்கினார்கள். 2015 அன்சாக் நாளுக்கு (ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போர் வீரர்களை நினைவுகூரும் நாள்) மக்களிடம் 5,000 பூக்கள் கேட்டார்கள். வந்து குவிந்தவையோ இரண்டு லட்சத்துக்கும் மேல்! பின்னல், குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்), கம்பளித் துணி என எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். 2018இல் கான்பெரா போர் நினைவகத்தில் 62,000 பூக்கள் நடப்பட்டன: முதல் உலகப் போரில் மாண்ட ஆஸ்திரேலியர் ஒவ்வொருவருக்கும் ஒன்று.