பனியைப் பார்க்க அவ்வளவு தூரமா?

கேள்வி: எனக்கு 61 வயது, என் கணவருக்கு 67. மகன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். அடுத்த வருடம் அவனிடம் போகப்போகிறோம். அங்கிருந்து ஏழு நாள் அலாஸ்கா கப்பலில் அழைத்துப் போகிறேன் என்கிறான். எனக்குக் கொள்ளை ஆசை. இவரோ, “ஃப்ரீஸரைத் திறந்தால் பனி தெரியாதா? கடலில் வாந்தி எடுக்கவா இவ்வளவு காசு?” என்கிறார். எனக்கு முழங்கால் வலி வேறு. இருவரும் சுத்த சைவம். செப்டம்பரில் டிக்கெட் மலிவு என்று மகன் சொல்கிறான். போகலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள். முழங்கால் வலி இருப்பதால்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். நம் நாட்டில் ஒரு பனியாற்றின், அதாவது ஆறு போல மெல்ல நகரும் பெரும் பனிப்பாளத்தின், முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், கங்கோத்ரியிலிருந்து கோமுகம் வரை சுமார் 18 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்க வேண்டும். அலாஸ்காவில் பனியாறு மலையிலிருந்து நேராகக் கடலுக்கே இறங்கி வந்து நிற்கிறது. கப்பல் அதன் எதிரே போய் நிற்கும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

ஆனால் ‘அலாஸ்கா கப்பல்’ என்று பொதுவாகச் சொல்லி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். எல்லாக் கப்பலும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. விளம்பரத்தில் ‘பனியாறு காணும் நாள்’ என்று மட்டும் போட்டிருந்தால், எந்தப் பனியாறு என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். என் ஓட்டு கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்கு. அதற்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். அதனால் கூட்டமும் சத்தமும் குறைவு. பூங்காவின் ரேஞ்சர்கள் காலையில் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். கரையில் இறங்குவதே கிடையாது. கால்வலிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சியாட்டிலிலிருந்து கிளம்பும் பல கப்பல்கள் இந்தப் பூங்காவுக்குப் பதிலாக எண்டிகாட் ஆர்ம் போன்ற குறுகிய கடல் இடுக்குகளுக்குப் போகின்றன. அவையும் அழகுதான். ஆனால் மிதக்கும் பனிக்கட்டி அடைத்துக்கொண்டாலோ மூடுபனி இறங்கினாலோ பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். பக்கத்திலிருக்கும் ட்ரேசி ஆர்மில் 2025 ஆகஸ்டில் பெரிய மலைச்சரிவு ஏற்பட்டு, கடல்நீர் எதிர்க்கரையில் மிக உயரத்துக்கு எழும்பி அடித்தது. அங்கே போவதாகப் பழைய அட்டவணை எதையாவது யாராவது காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் ஃப்ரீஸருக்கு வருகிறேன். ஃப்ரீஸர் பனி வெள்ளை. பனியாற்றுப் பனி நீலம். வருடக்கணக்காக விழுந்த பனி தன் பாரத்தாலேயே இறுகி இறுகி, உள்ளிருந்த காற்றெல்லாம் நசுங்கிக் கெட்டியாகிறது. அது சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே விடுகிறது. வானம் மூடியிருக்கும் நாளில் அந்த நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும், ஆகவே மேகமூட்டம் என்றால் முகம் சுளிக்க வேண்டாம்.

கிளேசியர் பேயில் கப்பல்கள் வழக்கமாக நிற்பது மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால். ஒரு மைல் அகலம். நீர்மட்டத்துக்கு மேலே தெரிவது மட்டும் சுமார் 250 அடி, நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை விட உயரம். நான் போனபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் காபி வாங்கப் போய்விட்டார்கள். திடீரென்று சுவரின் ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. அது நீரைத் தொட்ட பிறகுதான் இடி முழக்கம் வந்து சேர்ந்தது. தூரம் அப்படி. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தானே போகும்! அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் இதை ‘வெள்ளை இடி’ என்கிறார்கள். காபி வாங்கப் போனவர்கள் அதைக் கேட்டார்கள், பார்க்கவில்லை. கப்பல் அங்கே சுமார் ஒரு மணி நேரம் நிற்கும். உங்கள் கணவரை அந்த ஒரு மணி நேரம் மட்டும் சாப்பாட்டு மேஜையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், போதும்.

அவருக்குச் சரித்திரம் பிடிக்குமென்றால் இதையும் சொல்லுங்கள். 1794-ல் வான்கூவர் என்ற பிரிட்டிஷ் மாலுமியின் ஆட்கள் வந்தபோது அங்கே வளைகுடா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வாசலிலேயே பனிச்சுவர் மறித்து நின்றது. 1879-ல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆய்வாளர் வந்தபோது பனி நாற்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று வாசலிலிருந்து உள்ளே சுமார் 65 மைல் போனால்தான் மார்ஜரியைப் பார்க்க முடியும். அதற்கும் முன்னால், 1700-களில் பனி முன்னேறி வந்து ஹூனா ட்லிங்கிட் மக்களின் ஊர்களை விழுங்கியதில் அவர்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் மிதந்து போகும் தண்ணீருக்கு இருநூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை.

அடுத்தது வாந்தி. அவர் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் பலவும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் போய்வருகின்றன. அங்கே ஆட்டம் உண்டு. கனடாவின் வான்கூவர் நகரத்திலிருந்து கிளம்புகிறவை தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே, ஒதுக்கமான நீர்வழியில் போகும். இடையில் சில மணி நேரம் மட்டும் திறந்த கடல், மற்றபடி ஏரி மாதிரி. சியாட்டிலிலிருந்து வான்கூவர் காரில் மூன்று மணி நேரப் பயணம். வான்கூவரில் ஏறி, கிளேசியர் பே பார்த்துவிட்டு அங்கேயே திரும்பும் கப்பல்கள் உண்டு. அதைத் தேடச் சொல்லுங்கள். அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பையில் இஞ்சி மரப்பாவும் இருக்கட்டும்.

பால்கனி அறைக்காகக் கையைக் கடித்துக்கொள்ள வேண்டாம். பனியாற்றின் முன்னால் கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கமும் காட்டுவார்கள். மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. மிச்சமாகும் பணத்தை ஜூனோவில் திமிங்கலம் பார்க்கும் படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூன்முதுகுத் திமிங்கலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போக ரோடே கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான்.

ஸ்காக்வேயில் நிறுத்தினால் ஒயிட் பாஸ் ரயிலில் ஏறுங்கள். 1898-ல் தங்க வேட்டைக் காலத்தில் போட ஆரம்பித்த பாதை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கிட்டத்தட்ட 2,900 அடி ஏறிவிடலாம். கெச்சிக்கானில் மழை பெய்யும். மரத்தில் செதுக்கிய குலச்சின்னக் கம்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

முழங்காலுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் கடலில் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் இருபது அடியையும் தாண்டும். காலையில் சமமாக இருந்த இறங்கு பலகை மத்தியானம் செங்குத்தாகிவிடும். ஏறி இறங்குவதற்கு எந்த நேரம் வசதி என்று ஊழியர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைத்தடி எடுத்துப் போக வெட்கப்படாதீர்கள்.

செப்டம்பர் வேண்டாம் என்பேன். மலிவு உண்மைதான், ஆனால் அது மழை கூடும் மாதம். மே கடைசி, ஜூன் முதல் பாதி என்றால் மழை ஓரளவு குறைவு, மலைகளில் பனி மிச்சம் இருக்கும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். பனியாற்றின் முன்னால் காற்று ஊசியாய்க் குத்தும். ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, கையுறை, மங்கி குல்லா. குடை அங்கே காற்றில் நிற்காது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கப்பலில் ஏறியதும் உணவுக்கூட மேலாளரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது போல் மின்சாரக் கெட்டிலையும் குட்டி ரைஸ் குக்கரையும் பெட்டியில் வைக்காதீர்கள். தீ விபத்துக்குப் பயந்து வாங்கி வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். பாக்கெட் பிரிக்காத முறுக்கு பெரும்பாலும் தப்பிவிடும்.

டிக்கெட் விலையோடு செலவு முடியாது. ஊழியர்களுக்கான டிப்ஸ் ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பதினைந்து, இருபது டாலர் என்று தனியாகச் சேரும். கப்பல் டாக்டரும் இலவசம் இல்லை. மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள், அதில் அவசரத்துக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விசா. பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேறு நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை, நடுவில் வெளிநாட்டில் எங்கும் நிற்காமல் ஊர் சுற்றிக் காட்டக் கூடாது என்று 1886-ல் போட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள்கூடக் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் நின்றுவிட்டு வருகின்றன. ஆக, எங்கே ஏறினாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் இருவருக்கும் கனடா விசா வேண்டும். “நாங்கள் இறங்கவே மாட்டோம்” என்று துறைமுகத்தில் வாதாடிப் பயன் இருக்காது. அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகைதானா என்று எடுத்துப் பாருங்கள். மகன் எச்-1பி-யில் இருந்தால் அவருக்கும் கனடா விசா தேவை, கிரீன் கார்டு என்றால் தேவையில்லை. கனடா விசா வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டும் அன்றைக்கே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.