லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிய குறிப்பில் பிரிட்டனின் லங்காஸ்டரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான்கு எஞ்சின் கொண்ட கனரக குண்டுவீச்சு விமானங்களில் அதற்கு இணையே இல்லை, அதே ரகத்து இன்னொரு பிரிட்டிஷ் விமானமான ஹாலிஃபாக்ஸெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது என்றுதான் நான் படித்திருக்கிறேன். உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குண்டு சுமப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் படித்தது சரிதான். அவ்ரோ கம்பெனி முதலில் செய்த மான்செஸ்டர் என்ற விமானத்தின் இரண்டு வல்ச்சர் எஞ்சின்களும் நம்பி ஏற முடியாதவை. வடிவமைப்பாளர் ராய் சாட்விக் உடற்பகுதியைப் பெரிதாக மாற்றாமல் இறக்கையை நீட்டி நான்கு மெர்லின் எஞ்சின்களைப் பொருத்தினார், அதுதான் லங்காஸ்டர், 1941 ஜனவரி 9 அன்று முதலில் பறந்தது, அப்புறம் மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. வயிற்றில் 33 அடி நீளத்துக்குக் குறுக்குத் தடுப்பே இல்லாத குண்டு அறை. ஹாலிஃபாக்ஸில் அந்த இடம் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்ததால் பெரிய குண்டுகளை ஏற்றுவது கஷ்டம். 1944 நவம்பரில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைக் கவிழ்த்த 12,000 பவுண்டு டால்பாய் குண்டை லங்காஸ்டரால் மட்டும்தான் தூக்க முடிந்தது.

ஆனால் அதற்குள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இறக்கையைத் தாங்கும் பெரிய உத்தரம் உள்ளே இடுப்பளவு உயரத்தில் குறுக்கே போகும், முன்னால் இருப்பவர் பின்கதவுக்கு வர வேண்டுமென்றால் தடித்த உடைகளோடு இருட்டில் அதை ஏறித் தாண்ட வேண்டும். அதனால் அவர்களுக்கு உருப்படியான வழி மூக்குப் பகுதியின் தரையில், குண்டு வீசுபவர் படுத்திருக்கும் இடத்துக்கு அடியில் இருந்த மூடிதான். அதன் அகலம் 22 அங்குலம். நெஞ்சில் பாராசூட் மூட்டையை மாட்டிக்கொண்டு, தீப்பிடித்துச் சுழலும் விமானத்தில், அந்த ஓட்டை வழியாக ஒவ்வொருவராக இறங்க வேண்டும். வால் பக்கத் துப்பாக்கிக்காரரின் கூண்டில் பாராசூட் வைக்கவே இடம் கிடையாது. கதவைத் திறந்து, பின்னால் மாட்டியிருப்பதை எட்டி எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் குதிக்க முடியும்.

பின்னாளில் பெரிய இயற்பியலாளரான ஃப்ரீமன் டைசன், 1943இல் பத்தொன்பது வயதில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹாலிஃபாக்ஸ்களில் இருந்து ஏறக்குறைய 25 சதவீதம் பேர் உயிரோடு வெளியேறியிருக்கிறார்கள், லங்காஸ்டரில் 15 சதவீதம்தான் என்று அவர் எழுதியிருக்கிறார். ஹாலிஃபாக்ஸின் மூடி இரண்டே அங்குலம் அதிக அகலம். லங்காஸ்டரின் மூடியைப் பெரிதாக்கச் சொல்லி அந்தப் பிரிவிலேயே போராடினார்கள், அதிகாரிகள் ஒத்துக்கொண்டு அது வருவதற்குள் போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் இது யாருக்கும் தெரியாத ரகசியமோ தீர்க்கவே முடியாத சிக்கலோ அல்ல.

பாம்பர் கமாண்டின் தளபதி ஆர்தர் ஹாரிஸ் லங்காஸ்டரே போதும் என்றிருந்தார். 1944 ஏப்ரல் 1க்குள் ஜெர்மனி சரணடைந்தே தீர வேண்டிய நிலைக்கு லங்காஸ்டர் படையே கொண்டுவந்துவிடும் என்று 1943 டிசம்பரில் அரசுக்கு எழுதினார். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் விடிவதற்குள் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத் தாக்குதலுக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை, ஜெர்மனியும் சரணடையவில்லை. போர் முழுக்கக் கணக்கெடுத்தால் பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். தரையில் இருந்தவர்கள் கதை இதைவிடக் கொடூரம், 1943 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மட்டும் சில நாட்களில் 35,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லங்காஸ்டர் ஹாலிஃபாக்ஸைவிடக் குறைவாகத்தான் சுடப்பட்டு விழுந்தது, ஆகவே அதில் போனவர் ஊர் திரும்ப வாய்ப்பு அதிகம், அடிபட்டுவிட்டால்தான் ஆபத்து. நீங்கள் படித்தது பெரும்பாலும் மெர்லின் எஞ்சின் பூட்டிய ஆரம்பகால ஹாலிஃபாக்ஸைப் பற்றி இருக்கும், அது உண்மையிலேயே மந்தமான விமானம். 1943 கடைசியில் ஹெர்குலிஸ் எஞ்சினோடு வந்த ஹாலிஃபாக்ஸ் மார்க் 3ஐப் பற்றித் தேடிப் படியுங்கள், பக்கத்தில் நிற்க முடியாது என்ற பேச்சு அதற்குப் பொருந்தாது.