பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன், எழுதலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. சென்னையில் ஐ.டி. வேலை, தனியாகத் தங்கியிருக்கிறேன். ஒன்றரை வருடமாக, வயதுவந்தோருக்கான வெப்கேம் தளம் ஒன்றில் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் நேரலையைப் பார்த்து வருகிறேன். அவரிடம் ஒருநாளும் தரக்குறைவாகப் பேசியதில்லை. டிப்ஸ் கொடுப்பேன், சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். ஒருநாள் அவருக்குப் பின்னால் ஜன்னலில் கேபிள் கார் போவது தெரிந்தது. அதை வைத்து ஊர் மெதெயின் என்று பிடித்தேன். பிறகு கையிலிருந்த பச்சைக்குத்தலை வைத்து அவருடைய சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கும் கிடைத்துவிட்டது. நிஜப் பெயர், படிக்கும் கல்லூரி, அக்காவின் கடை எல்லாம் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. 'உங்களை மதிக்கிறேன், நல்ல நண்பனாக இருப்பேன்' என்று அங்கே ஒரு செய்தி அனுப்பலாமா? இன்னொன்று, ரசிகர்களின் டெலிகிராம் குழுவில் சிலர் அவருடைய விவரங்களைத் திரட்டி ஒரு ஃபைலாகப் போட்டிருக்கிறார்கள். நான் அதில் எதுவும் சேர்க்கவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அனுப்பாதீர்கள், தம்பி.

நீங்கள் எழுத நினைப்பதை அவர் கையில் போன் இருப்பதாக வைத்துப் படித்துப் பாருங்கள். கல்லூரி முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். அக்கா பிள்ளையின் பிறந்தநாள் படம் போடுகிற கணக்கில், முகம் தெரியாத ஒருவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். வேலைக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று அவர் பிரித்து வைத்திருந்ததை எவனோ ஒட்டிவிட்டான். 'மதிக்கிறேன்' என்ற இடம் வரை அவர் படிப்பாரா என்பதே சந்தேகம். இவன் அம்மாவிடம் சொல்வானா, கல்லூரிக்கு அனுப்புவானா, எவ்வளவு கேட்பான் என்றுதான் மனசு ஓடும். நீங்கள் நல்லவர் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? மிரட்டிப் பணம் பறிக்கிறவனும் முதலில் பணிவாகத்தான் ஆரம்பிப்பான்.

'யாரிடமும் சொல்லவில்லை' என்று இரண்டு இடத்தில் ஆறுதல் தேடியிருக்கிறீர்கள். (கடிதத்தைச் சுருக்கியதில் ஒன்று போய்விட்டது.) சொல்லாதது நல்லதுதான். ஆனால் தேடியதே தப்பு. அவர் ஜன்னலைத் திறந்து வைத்தது காற்றுக்காக, நீங்கள் ஊரைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல.

இந்தத் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு. நேரலை எந்த நாட்டில் தெரியக்கூடாது என்று தளத்திலேயே அடைத்து வைக்கலாம். பலர் முதலில் அடைப்பது சொந்த நாட்டைத்தான். சித்தப்பாவோ பழைய வகுப்புத் தோழனோ பார்த்துவிடக் கூடாதே! உங்களைப் போல வெகுதூரத்தில் இருப்பவர்கள்தான் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் கேமராவைப் போடுகிறார்கள். இன்ஸ்டாகிராம் செய்தி ஒன்று போதும், அந்தத் தூரம் போய்விடும்.

பணத்தையும் கொஞ்சம் பாருங்கள், ஏனென்றால் டிப்ஸ் கொடுப்பது ஏதோ உரிமையைத் தருகிறது என்ற நினைப்பு உங்கள் கடிதத்தில் லேசாக அடிக்கிறது. பெரிய தளம் ஒன்றில் டிப்ஸாகக் கொடுக்கும் டோக்கன் 100 வாங்க ஏறக்குறைய 11 டாலர். அதில் நிகழ்த்துபவருக்குச் சேருவது 5 டாலர். அறையும் கேமராவும் கொடுத்து வேலை வாங்கும் ஸ்டுடியோவில் இருந்து வேலை செய்தால் அந்த ஐந்திலும் ஒரு பங்கு ஸ்டுடியோவுக்கு. கொலம்பியாவின் பொகோட்டா, காலி, நீங்கள் சொல்லும் மெதெயின் ஆகிய ஊர்களில் இப்படிப்பட்ட ஸ்டுடியோக்கள் உண்டு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024 டிசம்பரில் இவற்றைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இடைவேளையில்லாத நீண்ட ஷிப்ட், மூட்டைப்பூச்சி மண்டிய அறை, கூலியில் பிடித்தம், வேண்டாம் என்றாலும் கட்டாயப்படுத்துவது என்று அதில் வருவதெல்லாம் எந்தத் தொழிலாளியும் சொல்லக்கூடிய புகார்கள். நீங்கள் கொடுத்தது அவர் கேமரா முன்னால் இருந்த நேரத்துக்கான காசு. வங்கி கவுன்டரில் சிரித்துப் பேசுகிற பெண்ணின் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பீர்களா?

'எல்லாவற்றையும் காட்டுகிறவளுக்கு என்ன அந்தரங்கம்' என்று உங்கள் குழுவில் எவராவது கேட்டிருப்பார். நம் உச்ச நீதிமன்றம் 1990லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் ஆய்வாளர் இரவில் ஒரு பெண்ணின் குடிசைக்குள் போய் அத்துமீறினார், வேலை போனது. அந்தப் பெண்ணின் நடத்தை சரியில்லை, அவர் பேச்சை நம்ப முடியாது என்று உயர் நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. நடத்தை கெட்டவள் என்று பெயரெடுத்த பெண்ணுக்கும் அந்தரங்க உரிமை உண்டு, நினைத்தபோது நுழைய எவருக்கும் அனுமதி இல்லை என்றது. மார்டிகர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில், ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பின்தொடர்தல் குற்றத்தில் வருகிறது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. உங்களைப் பயமுறுத்தவில்லை, எந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்கிறேன்.

அந்த ஃபைல்தான் அவசரம். 'நான் எதுவும் சேர்க்கவில்லை' என்பது போதாது. இறக்கி வைத்திருந்தால் அழியுங்கள். குழுவின் இணைப்பையும் அந்தப் பதிவின் இணைப்பையும் மட்டும் எடுத்து, வெப்கேம் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். டெலிகிராமிலும் புகார் கொடுங்கள். அது முடிந்ததும் குழுவைவிட்டு வெளியே வாருங்கள். 'இது தப்பு நண்பர்களே' என்று அங்கே நின்று விவாதித்தால் இதுவரை ஃபைலைப் பார்க்காதவனும் தேடிப் பார்ப்பான்.

அவருக்குச் சொல்லலாமா? சொல்லலாம், தளத்துக்குள் இருக்கும் தனிச்செய்தியில் மட்டும். 'உங்கள் சொந்த விவரங்கள் ஒரு குழுவில் பரவுகின்றன. தளத்தின் உதவிப் பிரிவுக்குத் தெரிவித்திருக்கிறேன்.' இவ்வளவுதான். பெயர், ஊர், கல்லூரி எதையும் குறிப்பிடாதீர்கள். எல்லோரும் பார்க்கும் சாட்டில் மூச்சுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதாதீர்கள். இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு ஆசை வரும்: ஆபத்திலிருந்து காப்பாற்றினோமே, இதைச் சாக்கிட்டு நெருங்கலாமே என்று. அந்த ஆசை வந்தால், அந்த இரண்டு வரியையும் அனுப்ப வேண்டாம், உதவிப் பிரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தளத்தையே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் விருப்பம், உங்கள் காசு. தளத்தில் அவருடைய நேரலை அறைக்கு மட்டும் இனிப் போக வேண்டாம். தெரியக்கூடாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 'பரீட்சை எப்படி இருந்தது' என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டால், அடுத்த நிமிடம் அவர் கேமராவை அணைத்துவிட்டு, இத்தனை நாள் எது வெளியே தெரிந்தது என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். இன்ஸ்டாகிராம் கணக்கைப் பின்தொடர்ந்திருந்தால் அதையும் இன்றைக்கே விட்டுவிடுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் அழித்துவிடுங்கள். வேறு யாருடைய அறைக்குப் போனாலும் ஊர் கேட்காதீர்கள், ரெக்கார்ட் செய்யாதீர்கள்.