கினி பன்றி நொண்டுகிறதா? முதலில் தீனியைப் பாருங்கள்

இரண்டில் சின்னது ஒரு வாரமாக நொண்டுகிறது, தூக்கினால் கீச்சிடுகிறது, கொடுப்பது முயல் தீவனமும் கேரட்டும் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடிபட்டிருக்கலாம்தான், ஆனால் எனக்கு முதல் சந்தேகம் வைட்டமின் சி குறைபாட்டின் மேல். நம்மைப் போலவே கினி பன்றிக்கும் அதை உடம்பில் தயாரிக்க முடியாது. முயலுக்கு முடியும், அதனால் முயல் தீவனத்தில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, கேரட்டிலும் பெரிதாக ஒன்றும் கிடையாது. குறைந்தால் மூட்டு வீங்கி வலிக்கும், ஈறில் ரத்தம் கசியும், முடி சொரசொரப்பாகிவிடும்.

தினமும் ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி கொடுங்கள். கொய்யா எப்போதாவது துளியூண்டு, அதில் சர்க்கரை அதிகம். தண்ணீரில் வைட்டமின் சி சொட்டு மருந்து கலக்கச் சொல்வார்கள், வேண்டாம், சீக்கிரமே வீரியம் போய்விடும், ருசி மாறினால் தண்ணீரையும் தொடாது.

வைக்கோல் போதுமா என்று கேட்டீர்களே, படுக்கைக்குச் சரி, தின்ன டிமோதி மாதிரி காய்ந்த புல்தான் வேண்டும். கூடவே, மருந்தடிக்காத இடத்து அருகம்புல்லை அலசிப் போடலாம்.

அப்புறம், இதையெல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். முயல், கினி பன்றி பார்த்துப் பழகிய டாக்டரிடம் நாளைக்கே காட்டுங்கள். வாய்வழி அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் கட்டாயம் கேள்வி கேளுங்கள், குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும். தீனியையே நிறுத்திவிட்டால் நாளை வரை கூடப் பொறுக்காதீர்கள்.