படப்பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜிம் ஜார்முஷின் ‘புரோக்கன் ஃபிளவர்ஸ்’ (2005) பார்த்துவிட்டு 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். கலியாணம் கட்டாத ஐம்பது வயதுக்காரர் ஒருவர், முன்னர் காதலித்த மூன்று பெண்களின் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். முதல் தொகுப்பைப் பார்த்த நண்பர்கள், “படம் முழுக்க ஒருத்தர் கேற்றடியில நிக்கிறார்” என்று சிரிக்கிறார்கள். எங்கே பிழை?
– வாசகர், கோப்பாய்

பதில்: மூன்று வருகையையும் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் எடுத்திருப்பீர்கள். முதலாவது வீட்டுக்கு மட்டும் முழு நேரம் கொடுங்கள். வெறும் கேற் 5 செக்கன், ஒழுங்கைக்குள் வரும் மோட்டார் சைக்கிளின் சத்தம், பிறகு ஆள். அவர் சும்மா நிற்கக் கூடாது. ஹெல்மெற்றைக் கழற்றி, பக்கக் கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்து, கொழுவியிருந்த பழப்பையை எடுத்து, கேற் கொளுக்கியில் கைவைத்து, எடுத்து, திரும்பவும் வைக்கட்டும். 40 செக்கன் தெரியாமலே போய்விடும். இரண்டாவது வீட்டுக்கு 15 செக்கன் காணும். மூன்றாவதில் கேற்றே வேண்டாம். விறாந்தைக் கதிரையில் அவர் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் படத்தின் நாயகன் பில் மரே முகத்தை அசைக்காமல் நடிப்பதைப் பார்த்து, உங்கள் நடிகரையும் “ஒன்றும் செய்யவேண்டாம்” என்று விட்டிருந்தால் அது வினை. மரே எதைப் பார்க்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த முகம் பேசுகிறது. அவர் காண்பதை முதலில் காட்டுங்கள், முகத்தைப் பிறகு.

கேள்வி: ‘புரோக்கன் ஃபிளவர்ஸ்’ போல எங்கள் கதையும் றோஸ் நிற மொட்டைக் கடிதத்தில்தான் தொடங்குகிறது. எழுதியவர் யாரென்று கடைசிவரை சொல்லாமல் விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். எழுதியவளாக நடிப்பவருக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூவரும் ஒரே மாதிரி மர்மமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

நிறத்தை மாற்றுங்கள். ஜார்முஷின் படத்தில் “உங்களுக்கு 19 வயதில் மகன் இருக்கிறான்” என்று றோஸ் தாளில் கடிதம் வந்தபின், ஒரு வளவில் கிடக்கும் றோஸ் தட்டச்சுப்பொறிகூட அங்கே துப்பாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அந்த நிறம் கேற்றுக்குக் கேற் போகன்விலாவாகப் பூத்துக் கிடக்கிறது. பார்ப்பவருக்கு எது துப்பு, எது வேலி என்று பிடிபடாது. கத்தரிப்பூ நிறம் நல்ல தேர்வு. அந்த நிறத் துணி, பிளாஸ்ரிக் வாளி எல்லாவற்றையும் மற்றச் சட்டகங்களிலிருந்து அகற்றிவிட்டு, கடிதத்துக்குப் பிறகு இரண்டு இடத்தில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: பழைய காதலி வீட்டில் கணவரும் இருக்கிறார். வசனம் எழுத எழுத நாடகமாகிறது.

பதில்: பழைய கதையை வசனத்தில் இழுக்காதீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில், ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவில், நெருக்கமானவர்களோடு கதைக்கும் ‘நீர்’ இருக்கிறதே! கணவருக்கு முன்னால் இருவரும் ‘நீங்கள்’ போட்டு, மழையையும் வெங்காய விலையையும் கதைக்கட்டும். கணவர் உள்ளே ஃபோன் எடுக்கப் போகிறார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தவள் மெல்ல, “நீர் இப்பவும் சீனி போடுறேல்லையோ?” என்கிறாள். கணவரின் செருப்புச் சத்தம் கேட்டதும், “பிஸ்கற் எடுங்கோ.” இருபத்தைந்து வருடம் அதற்குள் வந்துவிட்டது. இதை நெருக்கக் காட்சியாக வெட்டினால் கெட்டுவிடும். மூன்று கதிரையும் தெரியும் ஒரே சட்டகம், முக்காலியில் கமெரா. கணவர் எழுந்துபோன கதிரை வெறுமையாகத் தெரியட்டும். நடிகர்கள் வேறு ஊர்க்காரர் என்றால் ‘நீர்’ வாயில் ஒட்டாது, முதலே பழக்குங்கள்.

கேள்வி: அறைக்குள் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஒளி ஓடுகிறது. ஒலியும் ஒவ்வொரு வெட்டிலும் குதிக்கிறது.

பதில்: இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஃபோனோ கமெராவோ, செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். 30 பிரேம், 1/60 இல் விட்டால் ரியூப் லைற் துடிக்கும்.

ஒலி குதிப்பது ஃபானால். வசனம் எடுக்கும்போது அதை நிற்பாட்டுங்கள் (வியர்வை துடைக்கத் துவாய் கையில் இருக்கட்டும்). பிறகு ஃபான் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடமும், எல்லாரும் வாய்மூடி இருக்க அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடமும் பதிந்து, காட்சி முழுவதற்கும் அடியில் ஓடவிடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வெளியே எடுத்தால் மைக்குக்கு மயிர் உறை கட்டாயம். பஞ்சு உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது. ஃபிரிஜ்ஜையும் நிற்பாட்டவேண்டும். மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். வீட்டுக்காரரின் மீன் பழுதாகமுதல், திறப்பைத் தேடி வருபவர் சுவிச்சைப் போட்டுவிடுவார்.