வெயிட் குறையறது நின்னுடுச்சா? உங்க கேள்விகளும் பதில்களும்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயம்தான், "நல்லா குறைஞ்சுட்டு வந்துச்சு மேடம், திடீர்னு அப்படியே நின்னுடுச்சு"ன்னு. அதனால மத்ததெல்லாம் அடுத்த தடவைக்கு வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். வெயிட் நின்ன உடனே எல்லாரும் முதல்ல பண்றது சாப்பாட்ட இன்னும் குறைக்கறது, என்னை கேட்டா அது கடைசியா பண்ண வேண்டிய வேலை. ஏன்னு கீழ படிச்சா புரியும்.

87 கிலோல ஆரம்பிச்சேன், மூணு மாசத்துல 78க்கு வந்தேன். இப்ப மூணு வாரமா 78லயே நிக்குது. அதே சாப்பாடு, அதே வாக்கிங். எங்க தப்பு பண்றேன்? (ஆண், 38, கோயம்புத்தூர்)

தப்பு எதுவும் பண்ணலங்க. மூணு மாசத்துல 9 கிலோங்கறது நல்ல வேகம். ஆனா ஆரம்பத்துல மடமடன்னு இறங்குச்சு பாருங்க, அதுல பெரும்பங்கு தண்ணி. சோறு இட்லில வர்ற மாவுச்சத்த உடம்பு கல்லீரல்லயும் தசையிலயும் கிளைகோஜனா சேத்து வைக்கும், ஒவ்வொரு கிராமும் கூடவே கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், நாம சோற குறைச்சதும் அது கரைஞ்சு தண்ணியும் சேந்து போயிடும். அந்த முதல் மாச வேகம் திரும்ப வராது, அத எதிர்பாக்கவும் கூடாது.

ரெண்டாவது, 87 கிலோ உடம்புக்கு கம்மியா இருந்த அதே சாப்பாடு 78 கிலோ உடம்புக்கு கரெக்டா போதுமானதா ஆயிடுது. சின்ன உடம்புக்கு செலவு கம்மி, அதே 4 கிலோமீட்டர் நடந்தாலும் எரியறது கம்மி. ஒரு கிலோ குறைஞ்சா தினசரி செலவு ஏறக்குறைய 20லருந்து 30 கலோரி இறங்குது, ஆனா பசி மட்டும் கிலோவுக்கு கிட்டத்தட்ட 100 கலோரி அளவுக்கு ஏறுதுன்னு அமெரிக்காவுல கெவின் ஹால் குழு 2016ல கணக்கு போட்டு சொன்னாங்க. அதனால இப்ப பசிக்குதுன்னா உங்களுக்கு மனக்கட்டுப்பாடு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உடம்பு இழந்தத கேக்குது, அவ்வளவுதான்.

ஆனா நிஜமாவே நின்னுடுச்சான்னு முதல்ல பாக்கணும். வாரத்துக்கு ஒரு தடவ மட்டும் ஏறி நின்னு பாக்கறவங்கள மெஷின் நல்லா ஏமாத்தும். ஞாயித்துக்கிழமை பிரியாணி, அப்பளம், ஊறுகாய்னு உப்பு கூடுச்சுன்னா திங்கக்கிழமை ஒரு கிலோ ஏறி நிக்கும், அது கொழுப்பு இல்ல. தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, காபி குடிக்கறதுக்கு முன்னாடி பாத்து எழுதுங்க, ஏழு நாள் சராசரிய போன வார சராசரியோட ஒப்பிடுங்க. கூடவே டேப் வச்சு இடுப்பு அளங்க, பேண்ட் போடற இடத்துல இல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, வயித்த உள்ள இழுக்காம. நம்ம ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளயும் பெண்களுக்கு 80க்குள்ளயும் இருக்கணும். டேப் இறங்கி மெஷின் இறங்கலன்னா கொழுப்பு போயிட்டுதான் இருக்கு. ரெண்டுமே நாலு வாரமா அசையலன்னா அப்ப ஒரு மாத்தம் பண்ணுங்க, ஒன்னே ஒன்னு. ஒரு நாளைக்கு 150, 200 கலோரி குறைக்கலாம், இல்ல நடைய அரை மணி நேரம் கூட்டலாம். ரெண்டையும் சேத்து பண்ணா பத்து நாள்ல சலிச்சு போயிடும்.

பேலியோ இருக்கேன். காலைல 100 பாதாம், மதியம் பனீர் இல்லன்னா கறி, சாயந்தரம் பட்டர் டீ. முதல் மாசம் 6 கிலோ, அதுக்கப்புறம் ஒன்னுமே இல்ல. (ஆண், 45, சேலம்)

முதல் மாச 6 கிலோல நிறைய தண்ணி, காரணம் மேல சொன்னதுதான், உங்களுக்கு மாவுச்சத்து மொத்தமா நின்னதால இன்னும் அதிகமா போயிருக்கும். இப்ப பாதாம பாருங்க. ஒரு பாதாம் சுமாரா 7 கலோரி, 100ன்னா 700. அதுக்கு மேல பட்டர், பனீர், கறிக்கு தாராளமா நெய். மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டுக்கு கலோரி கணக்கே கிடையாதுன்னு பலர் சொல்லி கேட்டிருப்பீங்க, அது உண்மை இல்ல. பேலியோல வெயிட் குறையறதுக்கு பெரிய காரணம் பசி அடங்கி நீங்க கம்மியா சாப்பிடறதுதான், பசி இல்லாதப்பவும் சார்ட்ல இருக்குன்னு எண்ணி 100 சாப்பிட்டா அந்த லாபம் போயிடுது. பாதாம 30க்கு இறக்கிட்டு கூட ரெண்டு முட்டை வச்சுக்கங்க, பட்டர் டீய நிறுத்துங்க. கெட்ட கொழுப்பு எல்டிஎல் எவ்வளவுன்னு ஒரு தடவ டெஸ்ட் எடுத்துடுங்க, சிலருக்கு இந்த சாப்பாட்டுல அது நல்லாவே ஏறும்.

ஒரு நாளைக்கு 900 கலோரிதான் சாப்பிடறேன், சத்தியமா. வெயிட் குறையவே இல்ல. கம்மியா சாப்பிட்டதால மெட்டபாலிசம் கெட்டு ஸ்டார்வேஷன் மோடுக்கு போயிடுச்சுன்னு சொல்றாங்க, உண்மையா? (பெண், 34, திருப்பூர்)

நீங்க பொய் சொல்லலம்மா, அது எனக்கு தெரியும். ஆனா கம்மியா சாப்பிட்டா உடம்பு பட்டினின்னு நெனச்சு எடை குறையறதையே நிறுத்திடும்ங்கற அந்த ஸ்டார்வேஷன் மோடு கதைய நம்பாதீங்க. 1944-45ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கறவர் 36 ஆண்கள ஆறு மாசம் பாதி சாப்பாட்டுல வச்சு பாத்தாரு, அவங்க மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரி எரிக்கற வேகம், ரொம்பவே இறங்குச்சு, ஆனாலும் உடம்பு எடைல கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. செலவ குறைக்க உடம்புக்கு தெரியும், ஒரேயடியா நிறுத்த தெரியாது.

அப்ப என்னதான் நடக்குது? 1992ல நியூயார்க்ல ஒரு ஆராய்ச்சி, 1200 கலோரிக்கு கீழதான் சாப்பிடறோம் ஆனா குறையலன்னு சொன்னவங்கள அளந்து பாத்தாங்க. மெட்டபாலிசம் நார்மல். அவங்க சாப்பிட்டது சொன்னத விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. யாரும் வேணும்னு மறைக்கல, கண்ணுக்கு தெரியாத சாப்பாடு அவ்வளவு இருந்துச்சு.

நம்ம வீட்டுல அது எங்க ஒளிஞ்சிருக்குன்னா முதல் இடம் எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, ஆனா நம்ம சமையல்ல யாரும் ஸ்பூன் வைக்கறதில்ல, தூக்குலருந்து அப்படியே சாச்சு ஊத்தறோம். ஒரு வேலை பண்ணுங்க, அடுத்த லிட்டர் பாக்கெட் பிரிக்கறப்ப அது மேல பேனாவால தேதி எழுதுங்க. நாலு பேர் உள்ள வீட்டுல அது ஒரு வாரத்துல தீருதுன்னா மாசத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டருக்கு மேல, அதாவது தினமும் ஆளுக்கு 280, 290 கலோரி எண்ணெய்ல மட்டும். நீங்க "ரெண்டு தோசை, கொஞ்சம் பொரியல்"னு எழுதற கணக்குல இது வர்றதே இல்ல. அப்புறம் புள்ள தட்டுல மீதி வச்ச அரை தோசை, வீணாகுதேன்னு வாயில போடறது. குழம்பு உப்பு பாக்கறது. நாலு மணிக்கு டீயோட ஒரு கை மிக்சர், அது 30 கிராம் இருந்தாலே 150 கலோரி தாண்டும். மூணு நாள், அதுல ஒன்னு ஞாயித்துக்கிழமையா இருக்கட்டும், வாயில வைக்கறதுக்கு முன்னாடியே ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுங்க, அந்த அரை தோசையயும் சேத்துதான்.

மூணு நாளும் பாத்து நிஜமாவே 900தான்னு வந்துச்சுன்னா, தயவுசெஞ்சு கூட்டுங்க. அவ்வளவு கம்மியா ரொம்ப நாள் போனா தசை கரையும், முடி கொட்டும், பீரியட்ஸ் தள்ளிப்போகும், பித்தப்பைல கல்லு வர வாய்ப்பு கூடும். இன்னொன்னு, பீரியட்ஸுக்கு முந்தின வாரம் தண்ணி சேந்து ஒன்னு ரெண்டு கிலோ காட்டறது சகஜம், அதனால இந்த தடவ பீரியட்ஸ் ஆரம்பிச்சதுலருந்து ரெண்டாம் வாரத்த போன தடவ ரெண்டாம் வாரத்தோடதான் ஒப்பிடணும்.

அரிசிய விட்டுட்டு கம்பு, ராகி, தினைக்கு மாறிட்டேன், தினமும் கொள்ளு ரசம். ஆனாலும் நிக்குது. (பெண், 51, திண்டுக்கல்)

100 கிராம் அரிசியும் சரி 100 கிராம் சிறுதானியமும் சரி, எல்லாமே 320லருந்து 360 கலோரிக்குள்ளதான் வரும். நார்ச்சத்து கூட, பசி தாங்கும், ராகில கால்சியம் இருக்கு, அதெல்லாம் நல்லதுதான், ஆனா தட்டுல அளவு அதேன்னா வெயிட்டும் அதேதான். ராகி புட்டுல வெல்லமும் தேங்காயும் எவ்வளவு போடறீங்கன்னு பாருங்க. கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சும்மா சொல்லல, அதுல 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, ஆனா ரசத்துல நீங்க குடிக்கறது வேக வச்ச தண்ணி. அந்த பயற சுண்டலா சாப்பிடுங்க, அந்த வேளை சோற பாதியாக்குங்க.

ஜிம் சேந்து ஒரு மாசம் ஆச்சு, ஒரு கிலோ ஏறிடுச்சு! (ஆண், 27, சென்னை)

பயப்படாதீங்க. புதுசா வெயிட் தூக்கறப்ப தசைல தண்ணி கோக்கும், ஜிம்ல சொல்ற கிரியேட்டின் பவுடர் எடுத்தா இன்னும் கொஞ்சம். டேப்ப நம்புங்க, விடாம போங்க. சாப்பாட்டுல புரதம் உங்க எடைக்கு கிலோவுக்கு 1.2 கிராமுக்கு குறையாம பாத்துக்கங்க, முட்டைக்கு 6 கிராம்னு வச்சு எண்ணுங்க.

தைராய்டு மாத்திரை போடறேன், டிஎஸ்எச் நார்மல்னு டாக்டர் சொல்றாரு. ஆனா தைராய்டு இருந்தா வெயிட் குறையாதுதானே? (பெண், 41, நாகர்கோவில்)

இந்த நம்பிக்கையால எத்தனையோ பேர் முயற்சியையே விட்டுடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். தைராய்டு குறைவால ஏறற எடை பெரும்பாலும் 2லருந்து 4, 5 கிலோதான், அதுலயும் நிறைய உப்பும் தண்ணியும். டிஎஸ்எச், அதாவது தைராய்டு சரியா இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட், நார்மலுக்கு வந்துட்டா தைராய்டு உங்கள தடுக்கல. மாத்திரைய வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, காபிக்கு அரை மணிலருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடறீங்களா? கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளிதான் போடணும், இல்லன்னா தைராய்டு மாத்திரை சரியா உறிஞ்சாது. அதோட ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்புக்கும் மனநலத்துக்கும் குடுக்கற சில மாத்திரைகளும் எடைய ஏத்தும். அப்படி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட மாத்த முடியுமான்னு கேளுங்க, நீங்களா நிறுத்தவே கூடாது.

டாக்டர் சொல்லி எடை குறைக்கற ஊசி போடறேன். அதுலயும் நின்னுடுச்சு. டோஸ ஏத்தலாமா? (ஆண், 49, சென்னை)

நீங்களா ஏத்தாதீங்க. ஊசிலயும் ஒரு கட்டத்துல நிக்கத்தான் செய்யும், செமாகுளுடைட்ங்கற எடை குறைக்கற ஊசி மருந்த வச்சு பண்ண பெரிய ஆராய்ச்சிலயே சராசரியா 15 சதவீதம் குறைஞ்சு, ஒரு வருஷம் தாண்டினதும் அப்படியே நின்னுடுச்சு. நிறுத்தினவங்களுக்கு அடுத்த ஒரு வருஷத்துல இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு, அதனால எடை நின்னதால ஊசி வேலை செய்யலன்னு விட்டுடாதீங்க. பசி இல்லன்னு வெறும் ரசம் சாதத்தோட நிறுத்தறவங்க நிறைய பேர், அதுல போறது தசை. பசிக்கலன்னாலும் முதல்ல முட்டை, மீன், பருப்ப சாப்பிட்டுட்டு அப்புறம் சோறுக்கு வாங்க.

84லருந்து 74க்கு வந்தேன். டாக்டர் 70 சொன்னாரு. ஆறு மாசமா 74தான். சலிச்சு போச்சு, விட்டுடலாமான்னு இருக்கு. சுகர் ஆரம்ப நிலை. (ஆண், 52, தஞ்சாவூர்)

10 கிலோ குறைச்சு ஆறு மாசம் ஏறாம புடிச்சு வச்சிருக்கீங்க, குறைக்கறத விட அதுதான் கஷ்டம். சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு, உங்கள மாதிரி சுகர் எல்லைல இருந்தவங்கள மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்டாங்க. சாப்பாடும் நடையும் மாத்தினவங்களுக்கு முழு சுகரா மாறறது 28 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது, இத்தனைக்கும் அவங்க எடை பெருசா குறையவே இல்ல. மெஷின் நகரலன்னாலும் உள்ள நல்லது நடக்குதுங்கறதுக்கு நம்ம ஊர்லயே ஆதாரம் இருக்கு.

சலிப்புக்கு ஒரு வழி, ரெண்டு வாரம் குறைக்கற முயற்சிய நிறுத்தி 74லயே இருக்கற அளவுக்கு சாப்பிடுங்க, நடைய மட்டும் விடாதீங்க. ஆஸ்திரேலியால ரெண்டு வாரம் டயட், ரெண்டு வாரம் நிறுத்தம்னு மாத்தி மாத்தி போன ஆண்கள் தொடர்ந்து டயட் இருந்தவங்கள விட அதிகமாவே குறைச்சாங்க, எல்லா ஆராய்ச்சிலயும் அப்படி வரல, ஆனா உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அதுக்கப்புறம் டாக்டர பாக்க போறப்ப மூணு மாச சராசரி சுகர காட்டற எச்பிஏ1சி ரிப்போர்ட், பிபி, இடுப்பளவு மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போங்க, மீதி 4 கிலோ கட்டாயம் வேணுமா, எத்தனை மாசத்துலன்னு அத வச்சு அவர்கிட்டயே கேளுங்க.